உள்ளட்டையில் ஒரு பென்சில் குறி

முதல் போனிலேயே எனக்குத் தெரிந்துவிடும். இதை நான் பெருமைக்குச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது சொல்வது பெருமைக்கு அல்ல. நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், வேறு வழியில்லை.

இருபத்திரண்டு வருடம் வார்டு வார்டாக ஓடியவள் நான். முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணத் தொடங்கியதும் மருத்துவமனையில் என்னை உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றினார்கள். மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, தலையில் மாட்டிக்கொண்டு பேசுகிற போன். சாப்பாடே நோயாகிப்போனவர்களுக்கான பிரிவு அது. அடக்க முடியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு தன்னைத்தானே கரித்துக்கொட்டுகிறவர்கள், சாப்பிட்டதை யாருக்கும் தெரியாமல் வெளியே தள்ளுகிறவர்கள் எல்லாம் எங்களிடம் வருவார்கள். பார்ப்பதற்கு ஒரே ஒரு டாக்டரம்மா. அவரிடம் நேரம் கிடைக்க எட்டு மாதம் ஆகும்.

அதனால் வருகிற எல்லோருக்கும் முதலில் ஒரு புத்தகம் கொடுப்போம். தன் வைத்தியத்தைத் தானே செய்துகொள்வதற்கான புத்தகம். பன்னிரண்டு அத்தியாயம், பன்னிரண்டு வாரம். வாரம் ஒன்றைப் படிக்க வேண்டும். என்ன சாப்பிட்டேன், எப்போது, அப்போது மனசு எப்படி இருந்தது என்று பின்பக்கக் கட்டங்களில் தினமும் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை நான் போன் செய்து, எங்கே தடுக்கிறது என்று கேட்டு, இருபது நிமிடம் பேசுவேன். பன்னிரண்டாவது வார முடிவில் ஏறக்குறையப் பாதிப் பேர் தேறிவிடுவார்கள். தேறாதவர்கள் போய் டாக்டரம்மாவின் வரிசையில் நிற்பார்கள். புத்தகங்கள் மருத்துவமனைச் சொத்து. முதல் பக்கத்தில் 'முடிந்ததும் திருப்பித் தரவும்' என்று முத்திரை இருக்கும்.

யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பதுதான் என் கலை. முதல் போன் முடிந்ததும் அந்த ஆளின் கோப்பைத் திறந்து, உள்ளட்டையின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போடுவேன். தேறும் என்றால் ஒரு டிக். தேறாது என்றால் ஒரு பெருக்கல் குறி. யாரும் போடச் சொல்லவில்லை, நானாகப் பழகிக்கொண்டது. பன்னிரண்டு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் நான் போட்டதே நடந்திருக்கும். பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, எனக்கு முதல் போன்தான் அந்த ஒரு சோறு. டாக்டரம்மாவே ஒருமுறை, "உங்களை வாசல்ல கிளியோட உக்கார வெச்சுடலாம் போல இருக்கே" என்று கேலி செய்தார். நான் அதை வீட்டில் போய் மூன்று பேரிடம் சொன்னேன்.

எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேட்டால், பேச்சை வைத்துத்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். மனசுவிட்டுப் பேசுகிறவர், கேள்வி கேட்கிறவர், என்னோடு சண்டை போடுகிறவர்கூடத் தேறிவிடுவார். ஆமாம் இல்லை என்று அளந்து கொடுக்கிறவர் தேறமாட்டார்.

பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். வேலை முடிந்ததும் டிப்போவின் பின்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போவதற்கு முன்பு நாலு பேர் சாப்பாட்டை ஒற்றை ஆளாகச் சாப்பிட்டு முடிப்பவர். முதல் போனிலேயே, "சிஸ்டர், என் பஸ்ஸுல நாப்பது பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு போர்டு இருக்கு. என் வயித்துக்கு மட்டும் அப்படி ஒரு போர்டு வைக்க மறந்துட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னவர் நடுவில் அழுதுவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. டிக் போட்டேன். டியூட்டி மாறுகிறது என்று அவர் இரண்டு முறை நேரத்தை மாற்றச் சொன்னபோது இரண்டு முறையும் மாற்றிக் கொடுத்தேன். கடைசியில் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை என்று முடிவானது.

அவருக்கு முன்னால், செவ்வாய் பதினோரு மணி, பேக்கரிப் பெண்ணுடையது.

பேக்கரியில் மாவு பிசைகிற வேலை அவளுக்கு. முப்பத்தொரு வயது, அக்கா வீட்டோடு இருக்கிறாள். ஒன்பது வருடமாகச் சாப்பிடுவதும் வெளியேற்றுவதுமாக இருப்பவள். இதெல்லாம் பதிவுத் தாளில் இருந்தது. அவள் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்:

"புத்தகம் கெடச்சுதா?"

"ம்."

"முதல் அத்தியாயம் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து, "நல்லாருந்துச்சு" என்றாள்.

"உங்களுக்குப் பொருந்துற மாதிரி ஏதாவது இருந்துச்சா?"

"ம்."

"என்னது?"

"எல்லாமே."

சுவரோடு பேசினால் சுவராவது எதிரொலிக்கும். நான் கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். வைக்கப் போகும்போது அவளாக ஒன்று கேட்டாள்.

"சிஸ்டர், நாலு மணிக்கு மேல போன் பண்ண முடியுமா?"

"எல்லாருக்கும் நேரம் ஒதுக்கியாச்சும்மா. உங்களுக்குச் செவ்வாய் பதினொண்ணு."

"சரி."

ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோப்பைத் திறந்து பெருக்கல் குறி போட்டேன். மனசுக்குள் அவளுக்குக் கல்லுளிமங்கி என்று பெயரும் வைத்தேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அதே ம், அதே சரி. எழுதுகிறீர்களா என்றால் எழுதுகிறேன் என்பாள். சந்தேகம் ஏதாவது என்றால் இல்லை என்பாள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் டிரைவரைக் கொஞ்சம் முன்கூட்டியே கூப்பிட்டுவிடுவேன். அவரும் காத்திருந்ததுபோல எடுப்பார்.

அவளுக்கு மூன்றாவது வாரம் நடக்கும்போது எங்கள் பிரிவுக்குப் புள்ளிவிவரம் போடுகிற ஒருவர் வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள், முப்பது வயதிருக்கும், பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நம் மேஜையைப் பார்ப்பார். நான் அவருக்குக் கணக்கு வாத்தியார் என்று பெயர் வைத்தேன், எல்லோரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். அவருக்குக் கொடுத்த வேலை என்னவென்றால், ஏழெட்டுக் கேள்வி உள்ள ஒரு தாளைத் தயார் செய்ய வேண்டும். புதிதாக வருகிறவர் அதை நிரப்பினால், புத்தகம் இவருக்கு உதவுமா, உதவாதா என்று முதல் நாளே தெரிந்துவிட வேண்டும். உதவாது என்று தெரிந்தால் பன்னிரண்டு வாரத்தை வீணாக்காமல் நேராக டாக்டரம்மாவிடம் அனுப்பிவிடலாம். பன்னிரண்டு வாரம் என்பது இந்த நோயில் சின்ன விஷயம் இல்லை.

என் பென்சில் குறிகளைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வந்து நின்றார்.

"சிஸ்டர், அந்தக் குறியெல்லாம் எனக்குத் தர முடியுமா? தாள் சொல்றதையும் நீங்க சொல்றதையும் ஒப்பிட்டுப் பாக்கணும்."

"தாளா நானான்னு போட்டியா தம்பி?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்."

என் கையால் பன்னிரண்டு வாரமும் நடத்தி முடித்தவை நாற்பத்தாறு கோப்புகள் இருந்தன. அள்ளிக் கொடுத்தேன். சம்பந்தம் பேச வந்தவர்களிடம் பெண்ணின் மதிப்பெண் பட்டியலை நீட்டுகிற அம்மா மாதிரி இருந்தது எனக்கு. இதோடு வேறு சில கோப்புகளும் இருந்தன. முழங்கால் அறுவை சிகிச்சைக்காக நான் மூன்று மாதம் விடுப்பில் போனபோது, முதல் போனை மட்டும் நான் பேசி, மிச்சத்தை ஒரு தற்காலிக நர்ஸ் பேசிய கோப்புகள். அந்தப் பெண் மேஜையில் ஒரு டைமரை வைத்துக்கொண்டு, யாராக இருந்தாலும் இருபது நிமிடம் மணி அடிக்கிற வரை பேசுவாள். எதிராளி பேசாவிட்டால் சும்மா காத்திருப்பாளாம். டைமர் பொண்ணு என்று எல்லோரும் சிரிப்போம். "அதெல்லாம் என் கணக்குல வராது தம்பி" என்றேன். "பரவால்ல, அதையும் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார்.

பேக்கரிப் பெண்ணின் ஏழாவது வாரச் செவ்வாய்க்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. டிரைவர் அந்த ஞாயிற்றுக்கிழமை தன் மகளோடு ஓட்டலுக்குப் போய், நாலு பேர் பார்க்க உட்கார்ந்து, ஒரு தட்டு மட்டும் சாப்பிட்டு எழுந்து வருவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பதினோரு வருடமாக அவர் வெளியே யார் முன்னாலும் சாப்பிட்டதில்லை. போனாரா, சாப்பிட்டாரா என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த நினைப்போடுதான் பேக்கரிப் பெண்ணைக் கூப்பிட்டேன். வழக்கமான ம், வழக்கமான சரி. ஏழு நிமிடத்தில், "சரிம்மா, அப்போ அடுத்த வாரம் பார்ப்போம்" என்றேன்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?" குரல் தணிந்து, ரகசியம் பேசுவதுபோல வந்தது. "சின்ன விஷயம்தான்."

"சின்ன விஷயம்னா அடுத்த வாரம் பேசிக்கலாமே. வரிசையா ஆளுங்க காத்துட்டு இருக்காங்க."

"சரி சிஸ்டர்."

டிரைவர் ஓட்டலுக்குப் போயிருந்தார். ஒரு தட்டுதான் சாப்பிட்டாராம். அன்று நாங்கள் நாற்பது நிமிடம் பேசினோம்.

எட்டாவது வாரம் அவள் போனை எடுக்கவில்லை. 'எடுக்கவில்லை' என்று எழுதினேன். ஒன்பதாவது வாரமும் எடுக்கவில்லை. மூன்று முறை எடுக்காவிட்டால் கோப்பை மூடிவிடலாம் என்பது விதி. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு லேசாக நிம்மதியாகக்கூட இருந்தது. பார்த்தாயா, அன்றைக்கே சொன்னேன் என்று உள்ளட்டையைத் திறந்து குறியை ஒருமுறை பார்த்தேன்.

அடுத்த நாள், புதன்கிழமை காலை, கணக்கு வாத்தியார் மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தார். எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன தம்பி, யார் ஜெயிச்சது?"

"நீங்கதான். வயசைப் போட்டுப் பாத்தேன், நோய் வந்து எத்தனை வருஷம்னு போட்டேன், தனியா இருக்காங்களா, படிப்பு என்ன, எல்லாம் போட்டேன். எதுவுமே முடிவோட பெருசா ஒத்து நிக்கல. உங்க குறி மட்டும் நிக்குது. நாப்பத்தாறுல முப்பத்தொம்போது சரி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ தாளைத் தூக்கிக் கிடாசிட்டு என்னையே வெச்சுக்கோங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போன் நேரத்தையும் போட்டுப் பாத்தேன், சிஸ்டர்."

எங்கள் பிரிவின் போன் கணினியோடு சேர்ந்தது. எந்த எண்ணோடு எத்தனை நிமிடம் பேசினோம் என்று தானாகவே பதிந்துவைக்கும். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"டிக் போட்டவங்ககிட்ட சராசரியா இருபத்தேழு நிமிஷம் பேசியிருக்கீங்க. பெருக்கல் போட்டவங்ககிட்ட பதினொரு நிமிஷம்."

எனக்குச் சுருக்கென்றது. "அவங்க பேசினாத்தானே தம்பி நான் பேசறதுக்கு? தேறாத ஆளு வாயைத் திறக்க மாட்டாங்க, அதனால சீக்கிரம் முடியுது. இதுல என்ன கண்டுபிடிப்பு?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"அப்புறம் என்ன?"

"நீங்க லீவுல இருந்தப்போ அந்தத் தற்காலிக சிஸ்டர் பேசின கோப்பு பதினாலு இருக்குல்ல? அதுல உங்க குறி உள்ளட்டையில இருக்கு. ஆனா அப்படி ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. எல்லார்கிட்டயும் இருபது நிமிஷம் பேசியிருக்காங்க." திரையில் ஒரு வரியை விரலால் காட்டினார். "நீங்க தேறாதுன்னு போட்ட ஒம்போது பேர்ல அஞ்சு பேர் தேறிட்டாங்க. தேறும்னு போட்ட அஞ்சு பேர்ல மூணு பேர் தேறியிருக்காங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரொம்பச் சின்ன எண்ணிக்கை, இத வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அங்க உங்க குறி நிக்கல."

நான் கத்தினேன். நேற்று வந்த ஆள் எனக்கு நர்ஸ் வேலை சொல்லித்தருகிறாயா என்றேன். எத்தனை பேரை நான் கரையேற்றியிருக்கிறேன் தெரியுமா என்றேன். அவர் மடிக்கணினியை மூடி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். கத்தி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. அதை அவர் சொல்லவில்லை, நானே போய் அதில் முட்டிக்கொண்டேன்.

குறி நிஜம் என்று நான் நம்பியிருந்தால், பெருக்கல் போட்ட அன்றைக்கே கோப்பை எடுத்துக்கொண்டுபோய், இந்தப் பெண்ணுக்குப் புத்தகம் உதவாது, நீங்கள் பாருங்கள் என்று டாக்டரம்மாவிடம் கொடுத்திருக்க வேண்டும். நம்பவில்லை என்றால் இருபது நிமிடம் பேசியிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. குறியைப் போட்டு, மூடி வைத்து, சரியாக வருகிறதா என்று பன்னிரண்டு வாரம் வேடிக்கை பார்த்தேன். ஒவ்வொருவரிடமும்.

அவர் போனதும் பேக்கரிப் பெண்ணின் கோப்பை எடுத்தேன். நாள், கிழமை பார்க்காமல் எண்ணை அழுத்தினேன். இந்த முறை எடுத்தார்கள். அவள் குரல் இல்லை, அக்காவாக இருக்க வேண்டும்.

"யாருங்க?"

"ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் பேசறேன். தங்கச்சி இல்லையாம்மா?"



"அவ போயிட்டா சிஸ்டர். போன திங்கக்கிழமைக்கு முந்தின திங்கக்கிழமை. வேலை செஞ்சிட்டு இருந்தவ அப்படியே விழுந்துட்டாளாம். கொண்டு போறதுக்குள்ள நெஞ்சு நின்னுடுச்சு. ரத்தத்துல ஏதோ உப்பு கொறஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க."

விரலை மடக்கி எண்ணினேன். நான் அடுத்த வாரம் பேசிக்கலாம் என்று சொன்னதிலிருந்து ஆறாவது நாள். செவ்வாய்க்கு ஒரு நாள் பாக்கி.

"போனை இன்னைக்குத்தான் ஆன் பண்ணேன்" என்றாள் அக்கா. "அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரணும்னு முத்திரை குத்தியிருக்கு. நாளைக்குக் கொண்டு வரேன்."

"அவசரம் இல்லம்மா."

"இல்ல சிஸ்டர், அடுத்தவங்க பொருள்."

மறுநாள் வந்தாள். தங்கையைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். தங்கையை நான் கண்ணால் பார்த்ததே இல்லை, அதனால் அக்காவின் முகத்தை வைத்து மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். கடையில் பிரெட் சுற்றுகிற வெள்ளைத் தாளால் ஒழுங்காக அட்டை போட்டிருந்தது.

"இப்படி ஒரு சீக்கு இருக்குன்னு எனக்கே தெரியாது. ஒரே வீட்டுலதான் இருந்தோம். அவ போனப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரியும். உங்க ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருக்கா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமைன்னா காலையிலேயே ஒரு மாதிரி பரபரப்பா இருப்பா. இன்னைக்கு என்னடின்னா சொல்ல மாட்டா. உங்க போனுக்குத்தான் போல."

நான் புத்தகத்தைத் திறந்தேன். எழுதுகிறேன் என்று அவள் சொன்னது பொய் இல்லை. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. கடைசித் திங்கட்கிழமை காலைச் சாப்பாடு வரை எழுதியிருந்தாள். ஒவ்வொரு வாரப் பக்கத்தின் அடியிலும் 'சிஸ்டர்கிட்ட கேக்கணும்' என்று கோடு போட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்.

முதல் வாரம்: 'நாலு மணிக்கு மேல மாத்த முடியுமான்னு கேக்கணும். மாவு ரூம்ல பேச முடியல. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லாரும் இருக்காங்க.'

அதில் முதல் வரியை மட்டும் அவள் கேட்டிருந்தாள்.

இரண்டாவது வாரம்: 'இந்தப் புத்தக வைத்தியம் எல்லாருக்கும் கேக்குமா, சில பேருக்குத்தான் கேக்குமா? எனக்குக் கேக்காதுன்னா இப்பவே சொல்லிடுவாங்களா? டாக்டர் வரிசையில இப்பவே பேரு குடுக்கலாமா?' மூன்றாவது வாரம் அதே கேள்வி, கொஞ்சம் சுருக்கமாக. நான்காவது வாரமும். ஐந்திலும் ஆறிலும் 'போன வாரக் கேள்வி' என்று மட்டும் இருந்தது. ஒவ்வொரு செவ்வாயும் அவள் இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ம் என்றிருக்கிறாள்.

ஏழாவது வாரம்: 'படுத்தா கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது. நெஞ்சு திடீர்னு படபடன்னு அடிச்சிட்டு நிக்குது. இது இதனாலயா? சும்மாவா?'

பயிற்சிக்கு வந்த மாணவிக்குக்கூடத் தெரியும் இதற்கு என்ன அர்த்தம் என்று: வாந்தியெடுத்தே ரத்தத்தில் உப்பு குறைந்துகொண்டிருக்கிறது. நான் கேட்டிருந்தால் அந்த நொடியே போனை வைக்காமல், மாவை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வா, ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன். அன்று மாலையே படுக்கையில் சேர்த்து மருந்து ஏற்றியிருப்பார்கள். சின்ன விஷயம் என்று அவள்தான் சொன்னாள். சின்ன விஷயமா பெரிய விஷயமா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"நானும் அதைப் படிச்சேன்" என்றாள் அக்கா. "உங்ககிட்ட கேக்கணும்னு எழுதி வெச்சிருக்கா. கேட்டுட்டாளா, சிஸ்டர்?"

கேட்டாள், நான் பதில் சொன்னேன், விதி அவ்வளவுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், எனக்கு நன்றிகூடச் சொல்லியிருப்பாள்.

"கேக்க வந்தாங்கம்மா. நான்தான் அடுத்த வாரம் பேசிக்கலாம்னு சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"புத்தகம் குடுத்ததுக்குக் கையெழுத்து ஏதாவது போடணுமா?"

பதிவேட்டைத் திருப்பி வைத்தேன். தங்கையின் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். தேதி இன்றைக்கு என்ன என்று கேட்டு அதையும் எழுதிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மதியமே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு நிமிடத்தையும் சொன்னேன், நாற்பது நிமிடத்தையும் சொன்னேன். அவர் கிளியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விசாரணை இருக்கும், எழுத்தில் கொடுங்கள் என்றார். நடந்துகொண்டிருந்த கோப்புகளில் பெருக்கல் குறி உள்ளவை இன்னும் ஆறு இருந்தன. அந்த ஆறு பேரையும் அன்றே ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லிப் போன் செய்தேன். அதில் ஒரு தையல்காரப் பெண் ஒரு மணி நேரம் பேசினாள். அவளும் என் கணக்கில் வாயில்லாதவள்தான்.

அடுத்த வாரம் கணக்கு வாத்தியார் தயங்கித் தயங்கி வந்தார். முடிந்த கோப்புகளையெல்லாம் அட்டவணையில் ஏற்ற வேண்டுமாம், அவளுடையதும் முடிந்ததில் சேர்ந்துவிட்டது.

"நான் அப்புறம் வேணா வரேன் சிஸ்டர்."

"உக்காருங்க தம்பி. இப்பவே போட்டுடலாம்."

அவர் முதல் தடவையாக என் எதிரில் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்தேன். ரப்பரை எடுத்து அந்தக் குறியை அழித்துவிடலாம் என்று இந்த ஒரு வாரத்தில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அழிக்கவில்லை, அது அங்கேயே இருந்தது.

"குறி?"

"பெருக்கல்."

"முடிவு?"

"செத்துப்போச்சு."

அவர் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. "அதுக்குத் தனிக் கட்டம் இல்ல, சிஸ்டர். தேறினாங்க, தேறல. ரெண்டுதான் வெச்சிருக்கேன்."

"அப்போ தேறல."

தட்டினார். பக்கத்துக் கட்டம் தானாக நிரம்பியது. முடிவும் குறியும் ஒத்துப்போனால் அந்தக் கட்டத்தில் 'சரி' என்று வருகிற மாதிரி அவர் அமைத்து வைத்திருந்தார். அதை நான் பார்த்துவிடக் கூடாது என்று திரையைத் தன் பக்கம் லேசாகத் திருப்பினார். அதற்குள் பார்த்துவிட்டேன்.

"அதை மாத்த முடியாதா தம்பி?"

"உங்க குறியும் முடிவும் ஒண்ணாத்தானே இருக்கு சிஸ்டர். கணக்கு அப்படித்தான் எடுத்துக்கும்."

அட்டவணையின் அடியில் மொத்தம் மாறியிருந்தது. நாற்பத்தேழில் நாற்பது சரி.